லென்ஸ் இருக்கட்டும், எட்டரை மணிக்கு அந்த வால் நட்சத்திரம் எங்கே இருந்தது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிக்க வருபவர்களுக்கும் புரியட்டும். 2024 அக்டோபர் 14ஆம் தேதி, சூச்சின்ஷான்-அட்லஸ் வால் நட்சத்திரம் வெறும் கண்ணுக்கே தெரியும் என்று செய்தியில் பார்த்துவிட்டு, மாட்டுத்தாவணி பக்கம் உங்கள் வீட்டு மொட்டை மாடியில் ட்ரைபாட் போட்டு, கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸில் இரவு எட்டரை மணிக்கு மேற்கே பார்த்து முப்பது முப்பது விநாடியாகப் படம் எடுத்திருக்கிறீர்கள். கிடைத்தது ஆரஞ்சு வானமும் கோடு கோடாக இழுபட்ட நட்சத்திரங்களும். அடுத்தது வரும்போது விடக்கூடாது, அதற்கு என்ன லென்ஸ் வாங்குவது, டெலஸ்கோப் வேண்டுமா, வானத்தோடு கேமராவைத் திருப்பும் ட்ராக்கர் வேண்டுமா, போனிலேயே முடியுமா என்று கேட்கிறீர்கள். கேட்டது லென்ஸைப் பற்றி என்றாலும் மனதில் இருப்பது 'எனக்கு மட்டும் ஏன் விழவில்லை' என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் எளிது. நீங்கள் மாடி ஏறிய நேரத்தில் அது வானத்திலேயே இல்லை. அன்றைக்கு மதுரையில் சூரியன் ஆறு மணிவாக்கில் அடைந்தது. வால் நட்சத்திரமும் அதன் பின்னாலேயே, எட்டு மணிக்கு முன்பே இறங்கிவிட்டது. எந்த லென்ஸ் மாட்டியிருந்தாலும் இதே ஆரஞ்சுதான்.

சொல்வது யார் என்றும் தெரிய வேண்டும் இல்லையா. என் பிழைப்பு கல்யாண போட்டோ. ஆடி, மார்கழி என்று முகூர்த்தம் இல்லாத மாதங்களில் கேமராவைச் சும்மா வைத்திருக்க மனம் வராமல் வானத்தை எடுக்க ஆரம்பித்து, வருஷக்கணக்காக அதுவும் ஒரு பழக்கமாகிவிட்டது. ஆகவே கேமரா, லென்ஸ், எங்கே போய் நிற்பது என்பதில் நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். டெலஸ்கோப்பில் கேமராவை மாட்டி எடுப்பது வேறு வித்தை, அது என் கைப்பழக்கத்தில் இல்லை. உங்கள் கேள்விக்கு அது தேவையும் இல்லை. வெறும் கண்ணுக்குத் தெரிகிற வால் நட்சத்திரத்தின் வால் பல டிகிரி நீளம் போகும், டெலஸ்கோப்பில் தலை மட்டும்தான் அடங்கும்.

வால் நட்சத்திரம் எப்போது பிரகாசமாகும் என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பனிக்கட்டியும் தூசியும் கலந்த கட்டி அது, சூரியனை நெருங்கும்போது சூடாகி வாயுவையும் தூசியையும் கக்குகிறது, அந்தத் தூசியில் வெயில் பட்டுத்தான் நமக்கு வாலாகத் தெரிகிறது. ஆக நன்றாக ஜொலிக்கும் நாட்களில் அது சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கும். சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பது சூரியனோடுதான் உதிக்கும், அடையும். நடுராத்திரியில் உச்சி வானத்தில் நிற்கிற பிரகாசமான வால் நட்சத்திரம் அபூர்வம். 1996 மார்ச்சில் ஹியாகுடாகே அப்படி வந்தது, அது பூமிக்கே ஒன்றரைக் கோடி கிலோமீட்டர் தூரத்தில் கடந்து போனதால். மற்றபடி விடியலுக்கு முன் கிழக்கே, அல்லது பொழுது சாய்ந்த பின் மேற்கே, தாழ்வாக. 2024இல் வந்தது செப்டம்பர் 27ஆம் தேதி சூரியனை நெருங்கிச் சுற்றியது, அதையொட்டிய நாட்களில் விடியற்காலை கிழக்கில் தெரிந்தது. அப்புறம் சில நாட்கள் சூரிய வெளிச்சத்துக்குள் மறைந்து, அக்டோபர் 12 அன்று பூமிக்கு ஏழு கோடி கிலோமீட்டரில் வந்தபோது மாலை வானத்துக்கு மாறிவிட்டது.

இங்கே மதுரைக்காரர்களுக்கு மட்டும் ஒரு கணக்கு சொல்கிறேன், இதை எந்த வெளிநாட்டு வீடியோவிலும் சொல்ல மாட்டார்கள். நாம் இருப்பது ஏறக்குறைய 10 டிகிரி அட்சரேகை, பூமத்திய ரேகைக்குப் பக்கம். அதனால் சூரியனும் கிரகங்களும் மேற்கே சாய்வாக இறங்காமல் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக இறங்கும், நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி. கையை முழுக்க நீட்டி முஷ்டி பிடித்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், முஷ்டியின் அகலம் சுமார் 10 டிகிரி. அடிவானத்திலிருந்து வால் நட்சத்திரம் ஒரு முஷ்டி உயரத்தில் இருந்தால் உங்களுக்கு நாற்பது நிமிடம் இருக்கிறது, அவ்வளவுதான். இன்னொரு பக்கம், பொழுது சாய்ந்ததும் இங்கே மளமளவென்று இருட்டிவிடும். சூரியன் மறைந்து எழுபது நிமிடத்தில் முழு இருட்டு. அக்டோபர் 14 அன்று நடந்தது இதுதான்: ஆறரை மணிக்கு வானம் இன்னும் வெளுப்பு, ஏழேகாலுக்கு அது புழுதி மண்டலத்துக்குள் இறங்கிவிட்டது. நடுவில் மிஞ்சிப்போனால் முக்கால் மணி நேரம், அதுதான் அன்றைய மொத்த வாய்ப்பு. நீங்கள் சாப்பிட்டுவிட்டு நிதானமாக மாடி ஏறியிருக்கிறீர்கள்.

அடுத்தது வரும்போது எதை நம்புவது, எதைச் சந்தேகப்படுவது என்பதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். எந்த நாளில் எத்தனை மணிக்கு எந்தத் திசையில் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதை முழுக்க நம்பலாம். பாதை கணக்குப் போட்டது, கண்டுபிடித்துச் சில வாரங்கள் ஆகிவிட்டால் படம் எடுக்கிற அளவுக்கு அதில் பிசகு இருக்காது. எவ்வளவு பிரகாசமாக இருக்கும் என்பதை மட்டும் யார் சொன்னாலும் பாதிதான் நம்ப வேண்டும். 1973இல் கோஹூடெக் வந்தபோது உலகமே அண்ணாந்து பார்க்கத் தயாராகி ஏமாந்தது. 2013 நவம்பரில் ஐசான் சூரியனைச் சுற்றும்போதே சிதறிப் போனது. 2020 ஏப்ரலில் அட்லஸ் என்று ஒன்று பெரிதாகப் பேசப்பட்டு உடைந்தது, அதே வருஷம் ஜூலையில் அவ்வளவாக யாரும் எதிர்பார்க்காத நியோவைஸ் வந்து கலக்கியது. நீங்கள் தவறவிட்ட அதே 2024 அக்டோபர் கடைசியில் இன்னொன்று வெறும் கண்ணுக்கே தெரியும் என்றார்கள், 28ஆம் தேதி சூரியனுக்குப் பக்கத்தில் போய் ஆவியாகிவிட்டது. ஆகவே லீவு போடுவது, வண்டி பேசுவது எல்லாம் அது சூரியனைத் தாண்டி உயிரோடு வெளியே வந்தது என்று தெரிந்த பிறகு.

பிரகாசத்தை எண்ணில் சொல்லும்போது இன்னொரு சூது உண்டு. 'மூன்றாம் ரகப் பிரகாசம்' என்றால் மூன்றாம் ரக நட்சத்திரம் மாதிரி தெரியும் என்று நினைத்துக்கொள்வோம். நட்சத்திரத்தின் வெளிச்சம் ஒரு புள்ளியில் குவிந்திருக்கிறது. இதன் வெளிச்சம் தலை, வால் எல்லாம் சேர்த்துக் கூட்டிய கணக்கு, அது வானத்தில் பரவிக் கிடக்கும். அதனால் எண்ணில் ஒன்றாக இருந்தாலும் கண்ணுக்கு மங்கல்தான். இதற்கு மேல் அடிவானத்துக் காற்று வேறு. ஐந்து டிகிரி உயரத்தில் இருக்கிற எதையும் நாம் உச்சி வானத்தைப் போலப் பத்து மடங்கு காற்றின் வழியே பார்க்கிறோம், வைக்கோல் எரித்த புகையும் செங்கல் சூளைப் புகையும் சேர்ந்தால் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு வந்தாலே அதிகம். ஒரு முஷ்டிக்குக் கீழே இறங்கிவிட்டால் நேரம் இருந்தாலும் தரம் இருக்காது.

சரி, எங்கே நிற்பது. இதுதான் லென்ஸை விட முக்கியம். மேற்கே தெரிகிற வால் நட்சத்திரத்துக்கு ஊருக்கு மேற்கே போக வேண்டும், கிழக்கே தெரிவதற்கு ஊருக்குக் கிழக்கே. ஊர் வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பதுதான் சூத்திரம். மாட்டுத்தாவணி நகரத்துக்கு வடகிழக்கு மூலை. அங்கிருந்து மேற்கே பார்த்தால் கோரிப்பாளையம், சிம்மக்கல், பெரியார் நிலையம் என்று மொத்த மதுரையின் வெளிச்சத்தையும் வாங்கித்தான் வானத்தைப் பார்க்க முடியும். இதைவிட மோசமான இடம் தேடினாலும் கிடைக்காது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மாலையில் வருவதற்கு நாகமலையைத் தாண்டிவிடுங்கள். நாகமலைக்கு இந்தப் பக்கம் நின்றால் மலையே மறைத்துவிடும். செக்கானூரணி தாண்டி உசிலம்பட்டி ரோட்டில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி மேற்கே மறைப்பு இல்லாத கண்மாய்க் கரை ஒன்று போதும். கண்மாய்க் கரை ஏன் என்றால் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கலாம், எதிரே மரம் மட்டை இருக்காது, தண்ணீர் இருந்தால் பிரதிபலிப்பும் கிடைக்கும். தூரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை இரண்டு மூன்று டிகிரியைத் தின்றுவிடும், அதாவது போனில் இருக்கிற வான வரைபடச் செயலி காட்டுகிற அஸ்தமன நேரத்தில் பத்து நிமிடத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். வடமேற்கில் வருவது இன்னும் கஷ்டம். நியோவைஸ் அப்படித்தான் வந்தது, ஐரோப்பாவில் உயரத்தில் நின்று ஆடிய அது நமக்கு வடமேற்கே தாழ்வாக, சிறுமலையும் கொடைக்கானல் மலையும் இருக்கிற திசையில் கிடந்தது. வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து நமக்கும் அதே உயரத்தில் தெரியும் என்று நினைக்கக் கூடாது, எப்போதும் செயலியில் ஊர் மதுரை என்று இருக்கிறதா பாருங்கள், நிறைய பேருக்கு டெல்லி என்றே கிடக்கும்.

விடியற்காலைக்கு மேலூர் தாண்டியோ, திருப்புவனம் மானாமதுரை பக்கமோ போகலாம், தரை தட்டையாகக் கிடக்கும், கிழக்கே மலைத் தொல்லை கிடையாது. படத்தில் முன்புறம் ஏதாவது வேண்டும் என்று ஆசை இருந்தால் யானைமலைக்கு மேற்கே நன்றாகப் பின்வாங்கி வயல்பக்கம் நின்று, மலைக்கு மேலே வால் நட்சத்திரம் வருகிற மாதிரி எடுக்கலாம். மலைக்கு நெருங்கி நின்றால் அது பாதி வானத்தை மறைத்துக்கொள்ளும், வானம் வெளுத்த பிறகுதான் வால் நட்சத்திரத்தின் தலை தெரியும். ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் தள்ளி நின்றால் மலையும் யானை மாதிரியே படுத்திருக்கும், இதுவும் தெரியும்.

கொடைக்கானல், மேகமலை போகலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். காற்று சுத்தம், சந்தேகமே இல்லை. 1899இலேயே சூரியனைப் பார்க்கக் கொடைக்கானலில் ஆய்வகம் வைத்தது சும்மா இல்லை. அந்த ஆய்வகத்துக்கு 1960இல் பொறுப்பேற்ற வைணு பாப்பு, அமெரிக்காவில் படிக்கும்போது 1949இல் தான் எடுத்த படத்தட்டில் ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர், அது அவர் பெயரையும் சேர்த்து பாப்பு-பாக்-நியூகிர்க் என்று வழங்குகிறது. கண்ணுக்குச் சிக்காதது படத்தில் சிக்கும் என்பதற்கு நம்மிடமே ஆள் இருக்கிறார் என்பதற்காகச் சொன்னேன். ஆனால் ஐப்பசி கார்த்திகையில் மலை மேலே போனால் மேகத்துக்குள் உட்கார்ந்திருப்பீர்கள், அதுவும் இல்லாமல் வனத்துறை அனுமதி, ராத்திரி மலைப்பாதை, காட்டுமாடு என்று தலைவலி வேறு. தை, மாசியில் வந்தால் யோசிக்கலாம். மழைக்காலத்தில் சமவெளியிலேயே இருங்கள். ஒரு மழை நின்று வானம் பிளந்தால் புழுதி எல்லாம் கழுவப்பட்டு, கோடையில் காணாத தெளிவு கிடைக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்காகப் பையைக் கட்டித் தயாராக வைத்திருக்க வேண்டும்.

போகிற இடத்தைப் பகலில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சீமைக்கருவேல முள் பைக் டயரை விடாது, கரையில் பாம்பு இருக்கும், ஷூ போட்டு டார்ச்சோடு நடங்கள். முக்கியமாக ஊரில் டீக்கடையிலோ யாரிடமாவதோ சொல்லிவிட்டுப் போங்கள். இருட்டில் கண்மாய்க் கரையில் மூன்று கால் கருவியை நட்டு நிற்கிற வெளியூர் ஆளைப் பார்த்தால் நிலத்தை அளக்க வந்தவன் என்றுதான் நினைப்பார்கள். டங்ஸ்டன் சுரங்கப் பிரச்சினைக்குப் பிறகு அரிட்டாபட்டி, மேலூர் பக்கம் கேள்வி கேட்கிறார்கள், கேட்பது நியாயம்தான். 'அண்ணே, வால் நட்சத்திரம் தெரியுதாம், போட்டோ எடுக்க வந்தேன்' என்றால் நாலு பேர் கூடவே வந்துவிடுவார்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. அதன் பிறகு யாரும் உங்கள் முன்னால் டார்ச் அடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை.

நிலாவையும் பாருங்கள். 2024 அக்டோபர் 17 பௌர்ணமி, ஆக நீங்கள் எடுத்த 14ஆம் தேதி வானத்தில் வளர்பிறை நிலா நன்றாகவே இருந்தது. செய்தி எல்லாம் 12 முதல் 16 வரை என்றே கூவியது, பிரகாசம் அப்போதுதான் அதிகம் என்பதால். 20ஆம் தேதிக்குப் பிறகு நிலா தாமதமாக எழுந்தது, வால் நட்சத்திரமும் நாளுக்கு நாள் உயரே ஏறி அஸ்தமனம் தள்ளிப்போனது. பிரகாசம் குறைந்திருந்தாலும் இருட்டு வானத்தில் அது அதிக நேரம் கிடைத்தது. என்னைக் கேட்டால் உச்சப் பிரகாசத் தேதியை விட, நிலா இல்லாமல் வானம் இருட்டாக இருக்கிற முதல் மாலையைத்தான் குறித்து வைப்பேன். கேமராவுக்கு மங்கல் பிரச்சினை இல்லை, வெளுப்புதான் பிரச்சினை.

இப்போது கேமரா. உங்கள் கிட் லென்ஸிலேயே விழும். 18இல் வைத்தால் வானமும் கரையும் சேர்ந்து வரும், வால் நட்சத்திரம் சின்னதாக இருக்கும். 55இல் வைத்தால் குறுக்கே ஏறக்குறைய இரண்டரை முஷ்டி அகல வானம் அடங்கும், பெரும்பாலான வால்களுக்கு அது தாராளம். குறை ஒன்றுதான், 55இல் அது எஃப் 5.6க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் துளை அகலம்). 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் வாங்கும். இதை வாங்கச் சொல்லவில்லை, கல்யாண போட்டோ எடுக்கிற யார் பையிலும் ஒன்று கிடக்கும், முகூர்த்தம் இல்லாத நாளில் இரவல் கேளுங்கள். முழுக்கத் திறக்காமல் எஃப் 2 அல்லது 2.2இல் வையுங்கள், ஓரத்து நட்சத்திரங்கள் இறக்கை முளைத்த மாதிரி வராது.

முப்பது விநாடி எக்ஸ்போஷர் வேண்டவே வேண்டாம். உங்கள் மாதிரி சின்ன சென்சார், 24 மெகாபிக்சல் கேமராவில் 50 எம்.எம். வைத்தால் நட்சத்திரம் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு பிக்சல் நகர்கிறது. நான்கு விநாடி என்றால் நான்கு பிக்சல், கண்ணுக்குத் தெரியாது. முப்பது என்றால் கோடு. 500ஐ எம்.எம்.மால் வகுத்து வருகிற விநாடி வரை எடுக்கலாம் என்கிற பழைய விதி பெரிய சென்சாருக்கும் பழைய ஃபிலிமுக்கும் போட்டது, நமக்கு அதில் பாதியை வைத்துக்கொண்டாலே போதும். 18இல் பத்துப் பன்னிரண்டு விநாடி வரை போகலாம், 50இல் நான்கு. ஐ.எஸ்.ஓ. (கேமராவின் வெளிச்ச உணர்வு) 1600இல் தொடங்கி 3200 வரை. ஆனால் மாலை வெளுப்பு இருக்கும்போதே ஆரம்பிக்க வேண்டும், அப்போது ஐ.எஸ்.ஓ. 800, ஒரு விநாடி போதும். இருட்ட இருட்ட நேரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். கேமரா திரையை நம்பாதீர்கள், இருட்டில் எல்லாப் படமும் பளிச்சென்றுதான் தெரியும். படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் போட்டு, அந்த மேடு இடது சுவரை விட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஃபோகஸில்தான் நிறைய பேர் தோற்கிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். ஆட்டோவை அணைத்துவிட்டு, லைவ் வியூவில் (கேமராவின் பின் திரையில் நேரடியாகப் பார்ப்பது) வெள்ளியையோ வியாழனையோ நடுவில் கொண்டு வாருங்கள். இரண்டும் இல்லை என்றால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற செல்போன் டவர் சிவப்பு விளக்கு. திரையைப் பத்து மடங்கு பெரிதாக்குங்கள். இப்போது வளையத்தை மெதுவாகத் திருப்பினால் அந்த வெளிச்சம் முதலில் ஊதிய வட்டமாக இருந்து, சுருங்கி, ஊசி முனையாகி, மறுபடி ஊதத் தொடங்கும். ஊதத் தொடங்கியதும் மயிரிழை பின்னால் வாருங்கள். அந்த இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு இனி வளையத்தைத் தொடாதீர்கள். கிட் லென்ஸில் ஜூம் மாற்றினால் ஃபோகஸும் மாறும், ஆகவே எந்த எம்.எம்.மில் எடுக்கப் போகிறோம் என்று முடிவு செய்த பிறகு ஃபோகஸ். லென்ஸில் போட்டிருக்கிற முடிவிலிக் குறியில் வைத்துவிட்டுப் போய்விடுகிறவர்கள் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்துத்தான் அழுவார்கள்.

மற்ற அமைப்புகள் சட்டென்று: ரா ஃபைல் (கேமரா திருத்தாமல் தருகிற மூலப் பதிவு), வொயிட் பேலன்ஸ் டேலைட் (ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறத்தில் வரும்), ட்ரைபாடில் இருக்கும்போது ஆட்டத்தைக் குறைக்கிற ஸ்டெபிலைசர் அணைப்பு, இரண்டு விநாடி டைமர். நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் (படத்தில் விழும் புள்ளிகள்) குறைப்பையும் அணையுங்கள். அது ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு மடங்கு நேரம் எடுக்கும், நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி இறங்குகிற பொருளிடம் அந்தத் தாராளம் நமக்கு இல்லை. ஏசி காரிலிருந்து கேமராவை வெளியே எடுத்தவுடன் லென்ஸில் ஆவி படியும், போய்ச் சேரும் இருபது நிமிடம் முன்பே ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். மார்கழி விடியலில் பனியே லென்ஸில் இறங்கும், ஹூட் போட்டு அவ்வப்போது கண்ணாடியைப் பார்க்க வேண்டும்.

ஒரே படத்தோடு நிற்காமல் ஒரே சட்டகத்தில் முப்பது நாற்பது படம் தட்டிக்கொண்டே போங்கள். கடைசியில் லென்ஸ் மூடியைப் போட்டு, அதே அமைப்பில் பத்துப் பதினைந்து இருட்டுப் படம். வீட்டில் இவற்றை அடுக்கிச் சேர்த்தால் புள்ளிப் புள்ளியாக இருக்கிற நாய்ஸ் குறையும், பதினாறு படம் அடுக்கினால் கால்வாசியாகும். சிரில், டீப் ஸ்கை ஸ்டேக்கர் என்று படம் அடுக்குகிற மென்பொருள்கள் இரண்டும் இலவசம், வால் நட்சத்திரத்துக்கென்று தனி வழியும் அவற்றில் இருக்கிறது. அது ஏன் தேவை என்றால், நட்சத்திரங்களுக்கு நடுவே இது தானும் நகர்கிறது. 2024இல் வந்தது நாளைக்கு நான்கைந்து டிகிரி ஓடியது. 50 எம்.எம்.மில் இரண்டு நிமிடப் படங்களுக்குள் அது ஒன்றிரண்டு பிக்சல்தான், சாதாரணமாக நட்சத்திரங்களை வைத்து அடுக்கினாலே சரியாக வரும். 200 எம்.எம்.மில் அரை மணி நேரம் எடுத்தவருக்குத்தான் அந்தத் தனி வழி. கரையையும் மரத்தையும் அடுக்கினால் அவை இழுபடும், அதற்கு ஒரே ஒரு படத்தை எடுத்துக் கீழே ஒட்டிக்கொள்ள வேண்டும். இது ஏமாற்று வேலையா என்று ஒரு சர்ச்சை எப்போதும் உண்டு. அதே இடத்தில் அதே நிமிடத்தில் எடுத்தது என்றால் எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை, கோபுரத்துக்கு மேலே வேறு ஊர் வால் நட்சத்திரத்தைக் கொண்டுவந்து ஒட்டுவதில்தான் ஆட்சேபணை.

நிறத்தைக் கூட்டும்போது கை அடக்கம் வேண்டும். படத்தில் வரக்கூடிய நிஜ நிறங்கள் சிலவே: தூசி வால் லேசான மஞ்சள் வெள்ளை, வளைந்திருக்கும், வாயு வால் மெல்லிய நீலம், சூரியனுக்கு நேர் எதிராக நூல் பிடித்த மாதிரி போகும், தலையைச் சுற்றிக் கரி மூலக்கூறால் வருகிற பச்சை. நீல வால் இருட்டு வானத்தில்தான் எழும்பும், நம் பக்கம் அடிவானத்தில் அதை எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் எடுத்த அதே நாளில் நல்ல இருட்டில் எடுத்தவர்கள் படத்தில் சூரியனை நோக்கியும் ஒரு மெல்லிய கீற்று விழுந்திருக்கிறது. அது சுற்றுப்பாதையில் கிடக்கும் தூசித் தளத்தைப் பூமி குறுக்காகக் கடக்கும்போது தெரிவது, கேமரா கோளாறு இல்லை. கண்ணுக்கு எல்லாமே சாம்பல் நிறப் பூச்சாகத்தான் தெரியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கூட வந்த பிள்ளைகள் 'இதுக்கா வந்தோம்' என்பார்கள்.

போனில் முடியுமா? சூச்சின்ஷான்-அட்லஸ் மாதிரி ஒன்றாக இருந்து, இருட்டான இடமாக இருந்தால் முடியும். போனைக் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் மாட்டி, நைட் மோடில் அது தருகிற அதிகபட்ச நேரத்தைக் கொடுத்து, டைமர் வைத்து எடுங்கள். ப்ரோ மோட் இருந்தால் ஃபோகஸை மலைக் குறிக்குத் தள்ளிப் பத்து விநாடி, ஐ.எஸ்.ஓ. 1600. சில போன்களில் ட்ரைபாடில் வைத்தால் தானே உணர்ந்து சில நிமிடங்கள் எடுத்து அடுக்கித் தரும் வசதி உண்டு. ஜூம் செய்யாதீர்கள். வால் சின்னதாக, ஆனால் வாலாகவே இருக்கும். மங்கலான வால் நட்சத்திரத்துக்கோ ஊருக்குள்ளிருந்தோ போன் உதவாது.

காசு செலவழித்தே ஆக வேண்டும் என்றால் முதலில் ஒரு பைனாகுலர், 7x50 அல்லது 10x50. வெளுப்பு வானத்தில் கண்ணுக்குச் சிக்காததை அது பிடித்துக் கொடுக்கும். எங்கே இருக்கிறது என்று பத்து நிமிடம் முன்பே தெரிந்துவிட்டால் கேமராவை அங்கே திருப்பிச் சட்டகம் கட்ட நேரம் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை, விடியற்காலை வால் நட்சத்திரத்தைப் பார்க்கும்போது சூரியன் எழுகிற நேரத்தை அலாரம் வைத்து அதற்குக் கால் மணி நேரம் முன்பே பைனாகுலரைக் கீழே வைத்துவிடுங்கள். மாலையில் சூரியன் முழுக்க இறங்கிய பிறகே எடுங்கள். பார்வை விஷயம்.

வெளிச்ச மாசு ஃபில்டர் வாங்காதீர்கள். பழைய சோடியம் விளக்கின் மஞ்சளை வெட்டுவதற்கு வந்தது அது, எல்.இ.டி. வெள்ளை வெளிச்சம் எல்லா நிறத்திலும் பரவியிருப்பதால் அதிகம் ஒன்றும் செய்யாது. பெட்ரோல் போட்டு ஊரைத் தாண்டுவது மலிவு.

கடைசியாக ட்ராக்கர். கேமராவை வானத்தின் வேகத்தில் திருப்பும் அந்தக் கருவி நல்லதுதான், ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் என்று இழுபடாமல் எடுக்கலாம். ஆனால் அதைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக நிறுத்த வேண்டும், மதுரையில் துருவ நட்சத்திரம் வடக்கே அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டி உயரத்தில்தான் இருக்கும். வீடு, மரம், சிறுமலை, புழுதி, இவற்றில் ஏதாவது ஒன்று அதை மறைத்துக்கொண்டே இருக்கும். திசைகாட்டி வைத்துச் சுமாராக நிறுத்தலாம், 50 எம்.எம்.முக்கு அது போதுமான அளவுக்கு வரும். அதுவும் மாலை வெளுப்பில் துருவ நட்சத்திரம் தெரிவதற்கு முன்பே வால் நட்சத்திரத்துக்கு நேரம் ஆகிவிடும். பால்வெளி எடுக்கிற ஆசையும் இருந்தால் வாங்குங்கள், சித்திரை வைகாசியில் பழகிக்கொள்ளலாம். வால் நட்சத்திரத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம், இரவல் வாங்கிய 50 எம்.எம்., உங்கள் பழைய ட்ரைபாட், மாலை ஐந்தரைக்கே செக்கானூரணியைத் தாண்டியிருக்கிற பைக் போதும்.